பேட்ஜைக் கழற்றிய பிறகு மிஞ்சுவது

பள்ளி ஆண்டு தொடங்கியதும் வகுப்புத் தலைவர், அணித்தலைவர், மன்றச் செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. பேட்ஜ் குத்திவிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஆண்டு முடிவில் ஒரு சான்றிதழும் கையில் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளும் பெற்றோரும் அந்தச் சான்றிதழைத்தான் எதிர்காலத்துக்கான சேமிப்பு என்று நம்பி ஃபைலில் பத்திரப்படுத்துகிறார்கள்.

ஆனால் கல்லூரி விண்ணப்பத்திலும் உதவித்தொகை நேர்காணலிலும் முதல் வேலைக்கான தேர்விலும் கேள்வி "என்ன பதவி?" என்பதோடு நின்றுவிடாது. "அந்தப் பொறுப்பில் என்ன செய்தீர்கள்? எது தவறியது? எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று தொடரும். அந்த இடத்தில் திணறுகிற பிள்ளைகளில் பலர் உண்மையிலேயே ஓடியாடி உழைத்தவர்கள். உழைத்ததைக் குறித்துவைக்காமல் விட்டதால், இரண்டு வருடம் கழித்துக் கேட்கும்போது "நிறைய நிகழ்ச்சி நடத்தினோம்" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வருவதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால்தான் பொறுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நடத்துவது, எப்படிப் பதிவு செய்வது என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தரும் படிப்புகள் பல உண்டு. அங்கே மன்றத் தலைவர் பதவிக்கு அரை மதிப்பெண்கூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட படிப்பைக் குறிவைக்கும் மாணவர், பொறுப்பு ஏற்றால் இடம் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. அவர்களுக்குப் பலன் கொஞ்சம் தள்ளித்தான் வரும். கல்லூரிக்குள் போன பிறகு குழுவாகச் செய்யும் புராஜெக்டில், வேலைக்கான நேர்காணலில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அது தெரியும்.

அந்தத் தள்ளிவரும் பலனை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் குன், கேத்தரின் வைன்பெர்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்த ஆண்களைப் பற்றிய பழைய தரவுகளை. அறிவுத்திறன் தேர்வுகளில் ஒரே நிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டபோதும், பள்ளியில் விளையாட்டு அணிக்கோ மன்றத்துக்கோ தலைமை தாங்கியவர்கள் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துக் கூடுதல் ஊதியம் பெற்றிருந்தார்கள். எதைத் தலைமை என்று கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கூடுதல் 4 முதல் 33 சதவீதம் வரை இருந்தது. ஏற்கெனவே திறமை உள்ள பிள்ளைகளைத்தானே தலைவராக்குகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் திறனில் ஒரு பகுதி உயர்நிலைப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அமைந்துவிடுகிறது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். பொறுப்பில் இருப்பதாலும் அது வளர்கிறது என்பதற்கான அறிகுறிகளும் அவர்களுக்குக் கிடைத்தன. வளரும் அந்தப் பகுதிதான் நம் கையில் இருக்கிறது.

எதில் சேர்வது

ராஜர் பார்க்கர், பால் கம்ப் இருவரும் 1964ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல வழிகாட்டி. பெரிய பள்ளியில் மன்றங்களும் நிகழ்ச்சிகளும் அதிகம். ஆனால் ஒரு மாணவர் தலைக்கு விழும் பொறுப்பு சிறிய பள்ளியில்தான் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. சிறிய இடத்தில் நாடகம் போட வேண்டுமானால் இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒன்றைத் தூக்கித்தான் ஆக வேண்டும். பெரிய இடத்தில் அறுபது பேர் வேடிக்கை பார்க்க, ஆறு பேர் வேலை செய்வார்கள்.

பள்ளியை மாற்ற முடியாது, ஆனால் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். நூறு பேர் உள்ள பிரபலமான மன்றத்தில் இணைச்செயலாளர்களில் ஐந்தாவது ஆளாக இருப்பதைவிட, ஆள் பற்றாமல் தவிக்கும் பன்னிரண்டு பேர் மன்றத்தில் சேருவது மேல். அங்கே இரண்டாவது மாதமே ஏதோ ஒரு வேலை முழுதாக உங்கள் தலையில் விழும். விழட்டும்.

எண்ணிக்கை இரண்டு போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம். கடைசி வருடத்தில் அவசர அவசரமாக ஏழு மன்றங்களில் பெயர் கொடுப்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் என்று பல படிவங்களில் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நடைமுறையில் சரியாக வருவது இதுதான்: 8 அல்லது 9ஆம் வகுப்பில் உறுப்பினராகச் சேர்ந்து ஒரு வருடம் வேலை கற்றுக்கொள்வது, அடுத்த வருடம் ஒரு சிறு பொறுப்பு, அதற்கடுத்த வருடம் தலைமை. பொதுத்தேர்வு வருடத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் படிப்பில் இறங்கிவிடலாம்.

நேரக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். பதின்பருவத்தினருக்குத் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஒன்பது என்று வைத்தால் 63 போயிற்று. பள்ளிக்கு 35. குளியல், சாப்பாடு, போக்குவரத்துக்கு நாளுக்கு மூன்று வீதம் 21. படிப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நாளுக்கு இரண்டரை வைத்தால் 17.5. மீதி 31.5. இதில் ஓய்வு, குடும்பம், நண்பர்கள், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே செயல்பாடுகளுக்கு வாரம் 6 முதல் 8 மணி நேரம்தான் நிதானமான அளவு. விழா நெருங்கும் இரண்டு வாரம் இது 12 வரை போகும். அந்த இரண்டு வாரமும் தேர்வும் ஒன்றாக வருகிறதா என்று பொறுப்பு ஏற்கும் முன்பே நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். பொறுப்பை நடுவில் விட்டுப்போகும் மாணவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இந்த மோதலில்தான். நேரத்தைத் தூக்கத்திலிருந்து பிடுங்கினால் மூன்றாவது வாரத்தில் படிப்பும் மன்றமும் சேர்ந்தே சரியும்.

பொறுப்பு கைக்கு வந்த பிறகு

புதிய தலைவர்கள் செய்யும் முதல் தவறு, எல்லா வேலையையும் தானே செய்வது. இரண்டாவது தவறு அதற்கு நேர் எதிர்: "எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது. இரண்டாவது ஏன் தோற்கிறது என்பதற்கு நூறு வருடப் பழமையான சான்று உண்டு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மனிதர்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். 1913ல் வெளியான அந்த முடிவுகளின்படி எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுக்கும் விசையின் கூட்டுத்தொகையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. ஒத்திசைவு குறைவது ஒரு காரணம். யாரும் தன் பங்கைத் தனியாகப் பார்க்கப்போவதில்லை என்பது இன்னொரு காரணம். பின்னாளில் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளிலும் இது தெரியவந்தது. ஒவ்வொருவர் பங்கையும் தனியே அறிய முடியும் என்று ஆனதும் அந்தச் சுணக்கம் குறைந்தது.

இதற்கு மருந்து கூட்டக் குறிப்பு நோட்டில் இருக்கிறது. நோட்டுப் பக்கத்தை நெடுக்குக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: என்ன வேலை, யார், எந்த நாளுக்குள். "போஸ்டர் ஒட்டுதல்: எல்லோரும்" என்று எழுதினால் ஒன்றும் ஒட்டப்படாது. "மாடிப்படி, நூலக வாசல், 4 போஸ்டர்" என்று எழுதி, எதிரே ஒரே ஒரு பெயர், அதற்கடுத்து "புதன் மாலை 4 மணி" என்று எழுதினால் வேலை நடக்கும். நடக்காவிட்டாலும் புதன் 4 மணிக்கே தெரிந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள்.

கூட்டம் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் 5 நிமிடம் போன கூட்டத்தின் மூன்று பத்தியை வாசித்து முடிந்ததை அடிப்பது. அடுத்த 25 நிமிடத்துக்கு இரண்டே இரண்டு விஷயம். கடைசி 10 நிமிடத்தில் இன்று முடிவானதை நோட்டில் எழுதி, சத்தமாக வாசித்து, ஒவ்வொருவரிடமும் "சரிதானே?" என்று கேட்பது. இந்த வாசிப்பை விட்டுவிட்டால் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இரண்டு வேறு முடிவுகளோடு வெளியே போவார்கள். ஆசிரியருக்கு அன்று மாலையே ஒரு பிரதி போய்விட வேண்டும். அனுமதி தேவைப்படும் எதுவும் (வகுப்பை விட்டு வெளியே வருவது, அரங்கம், மைக், வெளியாள் வருகை) அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும்.

விழா அல்லது கண்காட்சி என்றால் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். எட்டு வாரம் ஒரு நல்ல அளவு. எட்டாவது வாரம் தேதியும் இடமும் அனுமதியும். ஆறாவது வாரம் பங்கேற்பவர் பட்டியல். நான்காவது வாரம் தேவையான பொருள்களும் செலவுக் கணக்கும். இரண்டாவது வாரம் முதல் ஒத்திகை. கடைசி வாரத்தில் புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது. மாணவர்கள் நாள் கணக்கில் எப்போதும் குறைத்தே சொல்வார்கள், அது சோம்பலால் அல்ல. 1994ல் புயூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், முடித்தது 55 நாளுக்கு மேல். ஆகவே உங்கள் குழு "ஒரு வாரம்" என்றால் பத்து, பதினோரு நாள் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் பேச்சையும் ஆட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விழா அன்று காலை கவிழ்ப்பவை வேறு. அரங்கச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் அன்று எத்தனை மணிக்கு வருவார், எக்ஸ்டென்ஷன் ஒயர் மேடை வரை எட்டுமா, மைக்கில் புது பேட்டரி இருக்கிறதா, மாற்று பேட்டரி யார் பையில் என்று எல்லாவற்றையும் முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். மைக் 'கீ...' என்று அலறுவதற்குக் காரணம், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதுதான். பேசுபவர் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல், ஸ்பீக்கர்கள் இருக்கும் வரிசைக்குப் பின்னால் நின்று, மைக்கை வாய்க்கு ஒரு சாண் நெருக்கத்தில் பிடித்தால் வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம், அலறலும் நிற்கும். இதைத் தெரிந்த ஒரு மாணவர் மேடை ஓரத்தில் நின்றால் நிகழ்ச்சியே வேறு தரத்தில் இருக்கும்.

பணம் கையில் வரும் பொறுப்பு இன்னும் கவனமானது. பொருளாளர் ஒருவருக்கு 1,000 முன்பணம் கொடுத்தால், எந்த நிமிடத்தில் எண்ணிப் பார்த்தாலும் கையிருப்பும் பில்களும் சேர்ந்து சரியாக 1,000 வர வேண்டும். 640க்கு பில் இருந்தால் 360 உறையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் முறை. அந்த உறையில் சொந்தக் காசு ஒரு நாணயம்கூடச் சேரக் கூடாது. பில் இல்லாத சில்லறைச் செலவுக்கு ஒரு துண்டுச் சீட்டில் தேதி, பொருள், தொகை எழுதி, வாங்கியவரும் உடன் சென்றவரும் கையெழுத்திட வேண்டும். அன்றைய கணக்கு அன்றே. "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று விட்ட கணக்குதான் மூன்று வாரம் கழித்து நண்பர்களைச் சந்தேகப்பட வைக்கும். திட்டச் செலவில் பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிவையுங்கள், மீந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

குழுவுக்குள் சண்டை வரும். பெரும்பாலும் முதல் உற்சாகம் வடிந்த பிறகு, முதல் பெரிய காலக்கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். புரூஸ் டக்மன் 1965லேயே சிறு குழுக்கள் கடக்கும் படிகளை வகுத்தபோது, கூடுவதற்கும் ஒழுங்குபடுவதற்கும் நடுவில் மோதலை ஒரு படியாக வைத்தார். ஆகவே சண்டை வந்தால் தலைவர் தகுதியற்றவர் என்று அர்த்தமில்லை. என்ன சண்டை என்று பிரித்துப் பாருங்கள். நேரம், பொருள், வேலைப் பங்கு பற்றிய சண்டை என்றால் மூன்று பத்தி நோட்டே தீர்க்கும். மதிப்புக் குறைவாக நடத்தினார்கள் என்ற சண்டை என்றால் கூட்டத்தில் பேசாதீர்கள், தனியாக, அன்றே, குரலை உயர்த்தாமல் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் வேண்டாம். கேலி, மிரட்டல், உடல்மீது கைவைத்தல் என்று போனால் அது மாணவர் தலைவர் தீர்க்கிற விஷயமே அல்ல. பொறுப்பாசிரியரிடம் அன்றே போக வேண்டும்.

எந்த இலக்குக்கு எது

டாக்டராக வேண்டும் என்பவர் சுகாதார மன்றத்தில் பெயர் கொடுத்தால் போதுமா? போதாது. ஒரே ஒரு நாள் முகாமில் எடுத்த படத்தைவிட, முதியவர்களுக்கோ சிறு பிள்ளைகளுக்கோ வாரம் இரண்டு மணி நேரம், ஒரு வருடம், தவறாமல் செய்த உதவி கனமானது. அந்தத் தொழிலுக்குத் தேவைப்படும் பொறுமை தனக்கு இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே தெரிந்துகொள்ள அதுதான் வழி. "எனக்கு இது ஒத்துவராது" என்று பதினைந்து வயதில் தெரிவதும் பெரிய லாபம். பொறியியலை நினைப்பவர் ரோபோ செய்து பரிசு வாங்குவதோடு, எது ஏன் வேலை செய்யவில்லை என்ற தோல்விக் குறிப்பேட்டை வைத்திருக்கட்டும். ஆசிரியர் பணியில் ஆசை இருந்தால் கீழ்வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சட்டம், நிர்வாகம், ஊடகம் என்று போகிறவர்களுக்கு விவாத மேடை இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச விவாத முறையான வேர்ல்ட் ஸ்கூல்ஸ் பாணியில் அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர நடுவில் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். முடிவில் அணிக்கு ஒரு 4 நிமிட மறுமொழி. இதில் கற்றுக்கொள்ளும் பெரிய வித்தை காதில் இருக்கிறது. எதிரணி சொல்வதைத் தாளில் பத்தி பத்தியாகக் குறித்து, எதற்குப் பதில் சொன்னோம், எது பதிலில்லாமல் நிற்கிறது என்று பார்க்கப் பழகியவருக்கு நேர்காணல் பயமுறுத்தாது. மனப்பாடம் செய்து பேசுபவர் முதல் குறுக்குக் கேள்வியிலேயே தடுமாறுவார். அதனால் பயிற்சியின்போது நண்பர் ஒருவரை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பொறுப்பு பள்ளி இதழ் ஆசிரியர் பொறுப்பு. காரணம், அது பொய் சொல்லவிடாது. தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் இதழில் ஒரு தாளுக்கு நான்கு பக்கம். எனவே மொத்தப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும்: 16, 20, 24. இருபத்தைந்து பக்கத்துக்கு எழுத்து சேர்ந்துவிட்டால், ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும் அல்லது மூன்று பக்கத்தை நிரப்ப வேண்டும். யாருடைய கவிதையை வெட்டுவது, வெட்டியதை அவரிடம் எப்படிச் சொல்வது என்ற இரண்டும் அந்த மாணவருக்கு உண்மையான தலைமைப் பயிற்சி. பிழை திருத்தத்தில் எழுதியவர் தன் பிழையைத் தானே காண்பது கடினம், மனம் சரியான சொல்லை நிரப்பிக்கொண்டு போய்விடும். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். பெயர்களை மட்டும் தனியாக இன்னொரு முறை பார்க்க வேண்டும். தன் பெயர் தப்பாக வந்த பிள்ளை அந்த இதழை வீட்டில் காட்டாது.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒன்று. தலைமை என்றால் மைக் பிடிப்பது என்று பெரியவர்களே நினைத்து அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள், மனது கேட்கவில்லை. செயலாளர், கணக்கர், ஆய்வகப் பொருள் பொறுப்பாளர், நேரம் காப்பவர், மேடைக்குப் பின்னால் ஆட்களை வரிசைப்படுத்துபவர் என்று எத்தனையோ இடங்கள் உண்டு. அவை இல்லாமல் நிகழ்ச்சி நடக்காது. அந்த வேலைகள் விட்டுச்செல்லும் தடயமும் பேச்சைவிடத் துல்லியமானது. தேர்தலில் தோற்ற பிள்ளைக்கும் இதுவே வழி. தோற்ற மறுநாள் போய் "எந்த வேலைக்கு ஆள் இல்லை?" என்று கேட்கலாம்.

வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதாலோ நோயாளியைக் கவனிப்பதாலோ மாலையில் பள்ளியில் தங்க முடியாத மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான காமன் ஆப் விண்ணப்பத்தின் செயல்பாட்டு வகைகளில் குடும்பப் பொறுப்பு என்று தனியாகவே ஒன்று உண்டு. தினமும் மாலை மூன்று மணி நேரம் வீட்டைத் தாங்கும் பிள்ளை அதை வெட்கப்படாமல், மணிக்கணக்கோடு எழுதலாம்.

எழுதிவைப்பதும் எடுத்துச் சொல்வதும்

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம். தேதி, செலவிட்ட மணி, என்ன செய்தேன், எண்ணிக்கை ஏதாவது (எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம், எத்தனை பக்கம்), எது தவறியது, அடுத்த முறை என்ன மாற்றுவேன். ஆறு வரிகள் போதும். ஐ.பி. டிப்ளமா (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேச மேல்நிலைப் பாடத்திட்டத்தில் படைப்பாற்றல், செயல், சேவை என்ற பகுதியை மாணவர்கள் குறைந்தது 18 மாதம் தொடர்ந்து செய்து, தாங்கள் கற்றதை ஆதாரத்தோடு பதிவு செய்ய வேண்டும். மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காமல் டிப்ளமாவும் கிடையாது. அந்தப் பாடத்திட்டத்தில் படிக்காதவர்களும் இந்தப் பழக்கத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு துல்லியம் என்றால், சொல்லக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. காமன் ஆப்பில் அதிகபட்சம் 10 செயல்பாடுகள், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் இடைவெளி உட்பட 150 எழுத்துகள். அந்த இடத்தில் "அறிவியல் மன்றத் தலைவராகச் சிறப்பாகச் செயல்பட்டு மாணவர்களுக்கு ஊக்கம் அளித்தேன்" என்று எழுதினால் இடம் வீண். "உறுப்பினர் 9லிருந்து 26, மாதம் 2 செய்முறை வகுப்பு, கருவி இரவல் பதிவேடு தொடங்கி, காணாமல்போவதை நிறுத்தினேன்" என்று எழுதினால் படிப்பவர் கண்முன் ஒரு ஆள் நிற்பார். இரண்டாவது வாக்கியத்தை நோட்டு இல்லாமல் யாராலும் எழுத முடியாது. எண்ணை ஊதிப் பெருக்காதீர்கள். இருபத்தாறை நாற்பது ஆக்கினால் "நாற்பது பேரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலுக்கு அதே நோட்டிலிருந்து ஐந்து சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சண்டை, பிறர் யோசனையை ஏற்று மாறிய ஒரு தருணம், யாரும் சொல்லாமல் தானாகத் தொடங்கிய ஒரு வேலை. ஒவ்வொன்றையும் சூழல், என் பணி, நான் செய்தது, விளைவு என்ற வரிசையில் ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். பெரும்பாலோர் சூழலுக்கே ஒரு நிமிடம் செலவழித்துவிடுவார்கள். அதற்கு இரண்டு வாக்கியம் போதும். நான் செய்தது என்ற பகுதிக்குத்தான் பாதி நேரம் வேண்டும். "நாங்கள்" என்றே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு தெரியாது, "நான்" என்றே பேசினால் குழு தெரியாது. குழுவின் முடிவுக்கு நாங்கள், உங்கள் கைவேலைக்கு நான்.

பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் பொறுப்பாசிரியரிடம் குறைந்தது நான்கு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது ஒரே ஒரு பக்கத்தில் அந்த நோட்டிலிருந்து தேதியும் எண்ணும் எடுத்துக் கொடுங்கள். அவருக்கு முப்பது பேர் நினைவில் இருப்பார்கள். உங்களைப் பற்றிய விவரம் கையில் இருந்தால்தான் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற பொதுவான வரியைத் தாண்டி அவரால் எழுத முடியும்.

கடைசி வேலை ஒப்படைப்பு. பலர் கைவிடுவதும் இதைத்தான். பதவிக்காலம் முடிவதற்கு ஆறு வாரம் முன்பே அடுத்து வருபவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் இரண்டு வாரம் அவர் பார்க்கட்டும், அடுத்த இரண்டு வாரம் சேர்ந்து செய்யுங்கள், கடைசி இரண்டு வாரம் அவர் நடத்த நீங்கள் பின்வரிசையில் இருங்கள். கையில் ஒரு ஃபைல் கொடுங்கள்: வருட நாட்காட்டி, எந்த அனுமதிக்கு யாரிடம் எத்தனை நாள் முன்பு போக வேண்டும், சாவிகளும் பொருள்களும் உள்ள பட்டியல், கூட்டக் குறிப்பு நோட்டு, முடித்த கணக்கு, பாஸ்வேர்டுகள் மாற்றப்பட்ட விவரம். அதோடு ஒரு தனித் தாளில் அந்த வருடம் தவறிப்போன ஐந்து விஷயங்களையும் அவற்றின் காரணங்களையும் எழுதி, ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். அடுத்த செயலாளர் திறந்ததும் கண்ணில் படுவது "அரங்கச் சாவி: காவலர் 8 மணிக்குத்தான் வருவார், முந்தைய நாளே வாங்கிவைக்கவும்" என்ற வரியாக இருக்கட்டும்.